அன்றாட உணவில் உயிர்ச்சத்துக்கள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். படிப்பு, பாட்டு, விளையாட்டு ஆகிய யாவும் நாம் தீட்ட விரும்பும் சித்திரங்கள். உடலே சுவர். அந்தச் சுவரைப் பற்றி நாங்கள் இவ்வளவு நாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை. இவ்வாண்டு நடந்த ஒரு நிகழ்ச்சிதான் எங்கள் கண்களைத் திறந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் எங்கள் தோழி ஒருத்தி திடீரென்று மயங்கி விழுந்தாள். சிஸ்டர் ஓடி வந்து மடியில் தாங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு தம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, வேறொன்றும் சாப்பிடாமல் அவள் பள்ளிக்கு வந்திருந்தாள். சில நாட்களுக்குப் பின் மருத்துவர் அம்மா ஒருவர் வந்து எங்கள் எல்லோருடைய இரத்தத்தையும் பரிசோதித்தார். எங்கள் வயதுப் பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் குறைந்தது 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். எங்களில் பலருக்கு அவ்வளவு இல்லை. மயங்கி விழாமல் நின்றவர்களுக்கும் இல்லை!

"பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற மாத்திரை தருகிறார்களே, அதை விழுங்குகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் பலர் அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு போய் வேலியோரத்தில் எறிந்திருந்தோம். வயிற்றைக் குமட்டுகிறது என்பது நாங்கள் சொன்ன சாக்கு. அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "அந்தச் சிறிய மாத்திரையின் கதை தெரிந்திருந்தால் எறிந்திருக்க மாட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் எங்கள் அறிவியல் ஆசிரியையின் துணையோடு நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உயிர்ச்சத்து என்பது யாது?

மாவுச்சத்தும் கொழுப்பும் நம் உடலுக்கு விறகு போன்றவை. புரதம் செங்கல் போன்றது. ஆனால் விறகும் செங்கல்லும் குவிந்து கிடந்தால் மட்டும் போதுமா? அடுப்பை மூட்டவும் சுவரை எழுப்பவும் ஆள் வேண்டாமா? அந்த வேலையாட்களைப் போன்றவையே உயிர்ச்சத்துக்கள் எனப்படும் வைட்டமின்கள். இவை மிகச் சிறிய அளவில்தான் தேவை. ஆனால் அந்தச் சிறிய அளவு கிடைக்காவிட்டால் பெரிய உடலே நோயில் வீழ்ந்துவிடும்.

மனிதருக்கு இன்றியமையாத வைட்டமின்கள் 13. அவற்றுள் ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றை உடல் சேமித்து வைத்துக் கொள்ளும். சி வைட்டமினும், பி குடும்பத்தைச் சேர்ந்த எட்டு வைட்டமின்களும் நீரில் கரைபவை. பி12 என்ற ஒன்றைத் தவிர, இவற்றுக்கு உடலில் பெரிய சேமிப்பு இல்லை. மிகுந்தது சிறுநீரில் போய்விடும். ஆகவே இவற்றை அடிக்கடி உணவில் பெற்றுக் கொண்டே இருக்க வேண்டும்.

கடலில் கற்ற பாடம்

முற்காலத்தில் மாதக்கணக்கில் கடலில் சென்ற மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் வாட்டியது. ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும். பற்கள் ஆடும். ஆறிய காயங்களும் மீண்டும் திறந்து கொள்ளும். உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டுமே அவர்களுடைய உணவு. பச்சைக் காய்கனிகளை அவர்கள் கண்ணால் காண்பதும் அரிது.

1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சாலிஸ்பரி என்னும் கப்பலில் நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்தார். ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து. ஓர் இணைக்குக் கடல் நீர், ஓர் இணைக்கு வினிகர் என்று கொடுத்தவர், ஓர் இணைக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சுப் பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்தார். ஆறே நாளில் பழங்கள் தீர்ந்து போயின. அதற்குள்ளாகவே பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்! ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். நல்லது என்று தெரிந்த பின்னும் அதைச் செய்வதற்கு மனிதருக்கு எத்தனை காலம் ஆகிறது, பாருங்கள்!

பழத்தில் மறைந்திருந்த அந்தப் பொருளே வைட்டமின் சி. ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அவருக்குத் தேவைப்பட்ட பெருமளவு வைட்டமின் சி எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? அவர் வாழ்ந்த செகெட் நகரில் மலிவாக விளைந்த மிளகாயிலிருந்து. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அரிசி சொன்ன உண்மை

அடுத்த கதை ஜாவாத் தீவில் நடந்தது. 1890ஆம் ஆண்டையொட்டி, பட்டேவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார் கிறிஸ்டியான் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர். கால்கள் தளர்ந்து, நரம்புகள் செயலிழந்து, இறுதியில் இதயமே நின்றுவிடும் கொடிய நோய் அது. அவருடைய ஆராய்ச்சிக் கூடத்துக் கோழிகளுக்கும் அதே போன்ற நோய் கண்டது. பின்பு தானாகவே அது மறைந்தும் போயிற்று. காரணத்தைத் தேடினால், கோழிகளுக்குச் சிலகாலம் மருத்துவமனையில் மீந்த வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுக்கவே, மீண்டும் தீட்டாத அரிசி போடப்பட்டது. நோய் நீங்கிவிட்டது! பளபளவென்று தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் பொருளில்தான் உயிர் இருந்தது. அதை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். 1912இல் போலந்து நாட்டவரான காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். 'வீட்டா' என்றால் இலத்தீன் மொழியில் உயிர் என்று பொருள். உயிர்ச்சத்து என்ற நம் தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தமானது!

இந்தக் கதைக்கு நம் நாட்டிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1918ஆம் ஆண்டில் நீலகிரி மலையிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்பவர் பெரிபெரி பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அக்காலச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய் வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் மிகுந்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். புழுங்கல் அரிசி உண்ட தெற்கு மாவட்டங்களில் அந்நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கும் தவிட்டுக்கும் அருகிலுள்ள வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. விஞ்ஞானம் பெயர் வைக்கும் முன்பே நெல் அவித்த நம் பாட்டிமாரின் பழக்கம் நம்மைக் காத்திருக்கிறது.

நீல மாத்திரையின் கதை

இனி நாங்கள் வேலியோரம் எறிந்த மாத்திரைக்கு வருவோம்.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச்சோகையால் இறந்து கொண்டிருந்தனர். காரணம் கிருமியா, உணவா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்திலும் சிறிது காலம் பணி செய்தார். காயும் கனியும் இல்லாத அந்த ஏழை உணவிலேயே குறை இருக்கிறது என்று கண்டார். இறுதியில், விலை மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அப்பெண்கள் வியக்கத்தக்க முறையில் தேறினர். 1931இல் அவர் இதை வெளியிட்டார்.

ஈஸ்ட் சாற்றில் இருந்த அந்தப் பொருளை 1941இல் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலத்தீனில் இலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்கு 'ஃபோலிக் அமிலம்' என்ற பெயர் வந்தது. அதைச் செயற்கை முறையில் தயாரிக்கும் பணியை 1940களில் அமெரிக்காவில் முன்னின்று நடத்தியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

எங்கள் நீல மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். ஒரு பெண் மருத்துவர் கடல் கடந்து வந்து ஆலைத் தொழிலாளப் பெண்களுக்காகத் தேடிய மருந்து அது. அதைத்தான் நாங்கள் எறிந்தோம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள். அந்த 59 பேரில் நாங்களும் இருந்திருக்கிறோம் என்று எண்ணும்போது வெட்கமாக இருந்தது.

துருவும் தடுப்பும்

இப்போது 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்ற சொல்லை எங்கும் கேட்கிறோம். தேயிலைப் பொட்டலத்திலும் முகப்பூச்சிலும்கூட அச்சொல் இருக்கிறது. அதன் பொருளை அறிய நாங்கள் ஒரு சிறு சோதனை செய்தோம். வாழைக்காயை வில்லைகளாக நறுக்கி இரண்டு தட்டுகளில் வைத்தோம். ஒரு தட்டில் மட்டும் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தோம். அரை மணி நேரத்தில், சாறு படாத வில்லைகள் கறுத்துவிட்டன. சாறு பட்டவை பெரும்பாலும் நிறம் மாறாமல் இருந்தன. எங்கள் அம்மாமார் வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடுவதும் அது கறுக்காமலிருக்கத்தான்.

காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வாழைக்காயைக் கறுக்க வைக்கிறது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்க வைக்கிறது. நாம் உயிர் வாழ்வதும் அதே ஆக்ஸிஜனால்தான். உணவை எரித்துச் சக்தி பெறும்போது, அடுப்பில் தீப்பொறி தெறிப்பதுபோல, நம் செல்களுக்குள் 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் துகள்கள் தோன்றுகின்றன. எலெக்ட்ரான்கள் இணை இணையாக இருப்பதையே விரும்பும் என்று வேதியியலில் படித்திருக்கிறோம். இத்துகள்களில் ஓர் எலெக்ட்ரான் இணையின்றி நிற்கிறது. ஆகவே அது பக்கத்திலுள்ள பொருளிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கிறது. பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கிறது. இப்படியே சேதம் தொடர்கிறது. புகையிலைப் புகை, மாசு படிந்த காற்று முதலியவை இத்துகள்களை மிகுதியாக்கும்.

தன்னிடமுள்ள எலெக்ட்ரானைத் தானே கொடுத்து, இந்தப் பறிப்பை நிறுத்துவதே ஆன்டி ஆக்ஸிடன்டின் வேலை. நம் உடலே இத்தகைய சில பொருள்களை உண்டாக்கிக் கொள்கிறது. மற்றவற்றை உணவு தருகிறது. வேர்க்கடலையிலும் சமையல் எண்ணெய்களிலும் உள்ள வைட்டமின் இ, செல்லின் கொழுப்புச் சுவரைக் காக்கிறது. அது தன் எலெக்ட்ரானை இழந்து ஓய்ந்துவிட்டால், வைட்டமின் சி வந்து அதை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்குகிறது. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் நல்ல குடும்பம் போன்றது இது! காரட், பூசணி, பப்பாளி, மாம்பழம், முருங்கைக் கீரை ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறி, மாலைக்கண் நோய் வராமல் தடுக்கிறது. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

குப்பியில் கிடைக்குமா?

இவ்வளவு நல்ல பொருள் என்றால், அதை மாத்திரையாக்கிக் கைநிறைய விழுங்கினால் என்ன? எங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது.

காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களுக்குச் சில நோய்கள் குறைவாக வருவதைக் கண்டு, பீட்டா கரோட்டினே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பலர் எண்ணினர். ஃபின்லாந்து நாட்டில், புகை பிடிக்கும் பழக்கமுள்ள 29,133 ஆண்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரையும், சிலருக்கு வைட்டமின் இ மாத்திரையும், சிலருக்கு வெறும் மாத்திரையும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்தனர். 1994இல் முடிவு வெளியானபோது எல்லோரும் திகைத்தனர். பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக, 100க்கு 18 பங்கு கூடியிருந்தது! 1996இல் அமெரிக்காவிலும் இதைப் போன்ற ஓர் ஆய்வைத் தீமை கண்டு முன்கூட்டியே நிறுத்திவிட்டனர்.

காரட் தின்றவருக்கு இத்தீங்கு நேர்ந்ததில்லை. காரட்டில் பீட்டா கரோட்டின் தனியாக இல்லை. நார்ச்சத்தும் பிற சத்துக்களும் அளவோடு கூடியிருக்கின்றன. கூட்டத்தில் ஒன்றாகப் பாடும் குரலைத் தனியே பிரித்து ஒலிபெருக்கியில் அலறவிட்டால் பாட்டுக் கெட்டுவிடும் அல்லவா? வைட்டமின் ஏ, டி ஆகியவையும் மிகுந்தால் உடலில் தேங்கித் தீங்கு செய்யும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

அப்படியானால் நீல மாத்திரையும் வேண்டாமா என்று தோழியர் யாரும் கேட்க வேண்டாம்! அது, குறை இருப்பதை அறிந்து, அளவு வகுத்து, மருத்துவர்களின் அறிவுரைப்படி தரப்படுவது. வளரும் பெண்களாகிய நமக்கு மாதந்தோறும் இரும்புச்சத்து இழப்பு ஏற்படுவதால் அது தேவை. சாப்பிட்ட பின் விழுங்கினால் குமட்டல் குறையும். ஆனால் மேனி பளபளக்கும், மூளை வளரும் என்று விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் குப்பிகள் வேறு. குறை உள்ளவருக்கு மருந்து, எல்லோருக்கும் உணவு. இதுவே நாங்கள் கற்ற பாடம்.

நம் வீட்டில் நாம் செய்யக்கூடியவை

சத்துள்ள உணவு என்றால் விலை உயர்ந்த உணவு என்று நினைத்திருந்தோம். அது தவறு. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சில் அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 65 முதல் 80 மில்லிகிராம் வரைதான். ஆக, ஒரு சிறிய கொய்யா போதும். நெல்லிக்காய் கொய்யாவுக்கும் இளைத்ததல்ல. அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையை நாம் அறிவோம். இன்று அது தெருமுனையில் கூறு கட்டி விற்கிறது; நாமோ அதைக் கடந்து போய் பாக்கெட் சிப்ஸ் வாங்குகிறோம்.

கீரையையும் காயையும் கழுவிய பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பின் தண்ணீரில் ஊறவைத்தால் பி, சி வைட்டமின்கள் நீரோடு போய்விடும். அரிசியைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைக் கொட்டுவதே. காரட்டையும் கீரையையும் சிறிது எண்ணெயில் தாளித்து உண்டால் பீட்டா கரோட்டின் நன்கு சேரும். கீரை, பயறு, கம்பு ஆகியவற்றிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லியோ இருந்தால் வைட்டமின் சி அதைச் சேர்த்து வைக்கும். சாப்பாட்டோடு காப்பி, தேநீர் அருந்தினால் இரும்பு சேர்வதை அவை தடுக்கும். ஆகவே ஒரு மணி நேரமாவது கழித்து அருந்தலாம். பி12 காய்கறியில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. எனவே சைவ உணவினர் பாலையும் தயிரையும் விடக்கூடாது. வைட்டமின் டி வெயில் படுவதால் நம் தோலிலேயே உண்டாகிறது. மாலை விளையாட்டை விட்டுவிட்டு அறைக்குள் முடங்கிக் கிடக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பல வீடுகளில் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சியதை உண்கிறார்கள். சில வீடுகளில் முட்டையும் மீனும் அண்ணன் தம்பிக்குப் பெரிதாகவும் நமக்குச் சிறிதாகவும் வருகின்றன. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நாளை ஒரு குடும்பத்தைத் தாங்கப் போகும் சுவர் இன்றே பலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

முடிவுரை

இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த செபத்தில், அன்றாட உணவை அன்றன்று கேட்கவே சொல்லிக் கொடுத்தார். பாலைவனத்தில் பெய்த மன்னாவும் அன்றன்றைக்கு உரியதாகவே இருந்தது. பேராசையால் மறுநாளுக்கு எடுத்து வைத்தது கெட்டுப் போயிற்று. உயிர்ச்சத்துக்களைப் படித்தபோது இது எங்கள் நினைவுக்கு வந்தது. ஒரே நாளில் குப்பி குப்பியாகச் சேர்த்துக் கொள்வது அல்ல; நாள்தோறும், அளவோடு, நன்றியோடு உண்பதே இறைவன் வகுத்த முறை.

மயங்கி விழுந்த எங்கள் தோழிக்கு மருத்துவர் தனியே சிகிச்சை அளித்தார். இப்போது அவள் காலையில் இட்லியோ கஞ்சியோ உண்ணாமல் வருவதில்லை. சென்ற மாதம் இறைவணக்கக் கூட்டத்தில் மேடையேறி உரத்த குரலில் செபம் சொன்னவள் அவள்தான். நாங்களும் மாத்திரையை எறிவதில்லை. மதிய உணவு மணி அடித்தபின் கொய்யாப்பழத்தைக் கீறி நால்வராகப் பங்கிட்டு உண்கிறோம். இதைப் படிக்கும் அன்புத் தோழியரே, நாளைக் காலை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வராதீர்கள். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு